பைப்புகளுக்கு வைத்த சீல்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் வந்தது. டிராக்டர் டயர் விற்பவர்கள் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு டயர் படம் இருக்கிறது. இத்தனை மாதமாக எழுதுவதற்கு எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நடந்தவை எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

தாராபுரம் ரோட்டில் நான் ஒரு பெட்ரோல் பங்க் கட்டிக்கொண்டிருக்கிறேன். பல இடங்களில் கையெழுத்துப் போட்டது நினைவிருந்தாலும், இன்று காலை பஸ்ஸில் போகும்போது 'மரகதமணி ஏஜென்சீஸ்' என்ற போர்டைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். மரகதமணி நான்தான். பங்க் பெண்களுக்கான ஒதுக்கீட்டில் வந்தது. என் கணவர் சென்னியப்பன் பெண் இல்லை என்பதால் என் பெயரில் விண்ணப்பித்தார். காங்கேயத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்தி, பாடப்பிரிவையே மூடிவிட்டதால் வீட்டில் இருப்பவள் நான். எனக்கு மறுப்புச் சொல்ல நேரமும் இருந்தது, காரணமும் இருந்தது. சொல்லவில்லை.

உரிமையாளர் என்று என் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பு, எல்லாரும் சொல்வதுபோல் சொன்னால் 'சீல்', அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால் அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது நெஞ்சில் ஊதா நிறத்தில் என் பெயர் மங்கலாகப் படிந்திருக்கிறது. கேட்பவர்களுக்கு இது அழகாகத் தோன்றலாம். துவைப்பவளுக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

டிபன் கொண்டு போகிற சாக்கில் பங்க்கைப் பார்த்தேன். சாக்கு என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. டிபன்தான் கொண்டு போனேன்.

வயரிங் வேலை லிங்குசாமியுடையது. எங்கள் வீட்டுக்கும் அவர்தான் வயரிங் செய்தார். சமையலறை ஸ்விட்சைப் போட்டால் மாடிப்படி விளக்கு எரியும். கெட்டிக்காரர். கரண்ட் பெட்டி இருக்கும் அறையிலிருந்து பம்ப்புகள் வரை தரைக்கு அடியில் பைப் போகிறது, அதற்குள் ஒயர் போகிறது. மண்ணுக்குள் இருக்கும்வரை பிளாஸ்டிக் பைப். மண்ணை விட்டு மேலே வரும் இடத்தில் இரும்புப் பைப்.

"எதுக்குங்க ரெண்டு விதம்?" என்று கேட்டேன்.

"கீழ இரும்பு போட்டா துருப் புடிச்சுக்குங்க்கா. மேல பிளாஸ்டிக் போட்டா வண்டிக்காரன் இடிச்சு ஒடச்சுப்போடுவான்."

"ரெண்டும் சேர்ற எடத்துல?"

"அது காங்கிரீட்டுக்குள்ள இருக்குதுங்க்கா. கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாதது முடிந்துபோனது என்பது லிங்குசாமியின் கொள்கை.

கரண்ட் பெட்டியும் பில் போடும் மேசையும் ஒரே அறையில் இருக்கின்றன. கம்பெனி கொடுத்த படத்தில் தனித்தனி. வாஸ்து பார்ப்பவர் வந்து, கரண்ட் என்பது அக்னி, அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். அந்த மூலையில் ஒரே ஓர் அறைதான் இருந்தது. நடுவில் ஒரு பிளைவுட் தட்டி வைத்து அக்னியையும் கணக்கையும் பிரித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சட்டைகளை எலுமிச்சம்பழம் போட்டு ஊறவைத்தேன். போகவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கம்பெனியின் பாதுகாப்பு இன்ஜினியர் பங்க்கைப் பார்க்க வந்ததாக மாமா சாப்பிடும்போது சொன்னார். (கணவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். டைரியில் மட்டும் சென்னியப்பன் என்று எழுதுவது கொஞ்சம் துணிச்சலாக இருக்கிறது.)

"சின்னப் புள்ள அம்மிணி. ரஹீமான்னு பேரு. தலைல மஞ்சத் தொப்பி. நான் பாப்பான்னுட்டேன், ஒரு பார்வை பாத்துது பாரு, அப்பறம் மேடம்னு மாத்திக்கிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எல்லாஞ் செரியாத்தான் இருக்குதாமா. தரைய விட்டு மேல வர்ற ஒவ்வொரு பைப்புக்கும் சீல் வெக்கோணுமாமா. சீல் இல்லாம பங்க்கத் தொறக்கக் கூடாதாமா. அத மட்டும் மூணு தடவ சொல்லுச்சு."

"பைப்புக்கு எதுக்கு சீல்?"

"மாத்திப்போடக் கூடாதுன்னு இருக்கும். மீட்டருக்கெல்லாம் கரண்ட் ஆபீஸ்ல சீல் வெக்கறதில்ல?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நான் ஒரு படி மேலே போய் அவருக்கு ஒரு பாடமே நடத்தினேன். அந்தக் காலத்தில் ராஜாக்கள் நிலம் கொடுத்தால் செப்பேட்டில் எழுதி, ஏடுகளை ஒரு வளையத்தில் கோர்த்து, வளையம் சேரும் இடத்தில் சீல் வைப்பார்கள். சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன். ஏட்டை யாரும் மாற்ற முடியாது. பைப்பும் அப்படித்தான் என்றேன். அவர் ரசத்தைப் பிசைந்தபடி மரியாதையாகக் கேட்டார். கல்லூரியில்கூட யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சீல் வைத்தாகிவிட்டது. மாமாவே வைத்தார்.

இடுப்புவலிக்காரர். ஒவ்வொரு பம்ப்புக்கும் முன்னால் மண்டிபோட்டு, பைப்பைத் துணியால் துடைத்து, என் சீலை மையில் ஒற்றி, உருண்டையான பைப்பின்மேல் உருட்டி உருட்டி வைத்தார். முதல் தடவை மை ஒட்டவில்லை. துணிக்கடையில் மூட்டைக்குப் போடும் மையை வாங்கிவந்து மறுபடி வைத்தார். மழையில் அழியாமலிருக்க மேலே கண்ணாடி டேப் சுற்றினார். கரண்ட் பெட்டிக்குக் கீழே தரையிலிருந்து எழும்பும் பைப்புகளுக்கும் படுத்துக்கொண்டு வைத்தார். லிங்குசாமி பக்கத்திலேயே நின்றார். வானத்தைப் பார்த்தார்.

இப்போது அந்த வளாகத்தில் மண்ணைவிட்டு வெளியே வரும் எல்லா இரும்பிலும் என் பெயர் இருக்கிறது. எந்தப் பாண்டியனுக்கும் இது வாய்த்திருக்காது.

மாலையில் கம்பெனிக்குக் கடிதம் போனது: 'தரையிலிருந்து மேலே வரும் அனைத்துப் பைப்புகளும் சீல் செய்யப்பட்டன.' நான் கையெழுத்துப் போட்டேன். அதன்கீழும் சீல்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி முடிகிறது. கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. சீல் வைத்ததாகக் கடிதம் இருந்தது, கடிதத்தில் சீல் இருந்தது. ஓர் அலுவலகம் இதற்கு மேல் எதைப் பார்க்க வேண்டும்?

திறப்பு விழா ஆவணியில், 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை. காலையில் ஓமம், பிறகு கட்சியின் மாவட்டச் செயலாளர் வந்து திறக்கிறார். பத்திரிகையில் என் பெயர் இருக்கிறது, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே, மூன்றாவது வரியில்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று முதல் லோடு இறங்கியது. பம்ப்புகளைச் சரிபார்க்கிறார்கள். பில் போட காஞ்சனமாலா என்ற பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். ஊதியூர்க்காரி, கல்யாணமாகி ஒரு குழந்தை. நாக்கு நீளம், கணக்கு அதைவிடச் சுத்தம். எனக்குப் பிடித்திருக்கிறது.

"அக்கா, இந்த ரூமு என்னுங்க இப்பிடி நாறுது?" என்றாள்.

"பெட்ரோல் பங்க்குல மல்லிகப்பூவா மணக்கும்?" என்றார் மாமா.

"வெளிய பம்ப்புகிட்ட இவ்வளவு இல்லீங்களே. உள்ளதான் கப்புனு இருக்குது."

புதுப் பெயின்ட் என்று லிங்குசாமி தீர்ப்புச் சொன்னார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று பம்ப்பைத் தொட்டேன். என் பம்ப் என்பதால் தொட்டேன் என்றில்லை, தூசி இருந்தது. விரலிலிருந்து முழங்கை வரை சுர்ரென்று ஏறியது.

"எர்த் அடிக்குதுங்க்கா," என்றார் லிங்குசாமி. "செருப்ப வெளிய உட்டுட்டு வந்துட்டீங்களா? போட்டுக்கிட்டுத் தொடுங்க."

எர்த் இல்லாத இடத்தில்தான் இப்படிக் கரண்ட் அடிக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனால் நம் ஊரில் அதற்கு 'எர்த் அடிக்குது' என்று பெயர். ஊரில் இல்லாதவன்மேல் பழி போடுவது போலத்தான்.

எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். மறுபடி தொட்டேன். அடித்தது. மாமாவிடம் சொன்னேன். "ஓமத்தோட எல்லாஞ் செரியாப் போயிரும்," என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

காஞ்சனமாலாவுக்குத் தலைவலி. மத்தியானம் வாந்தி எடுத்தாள். விசேஷமா என்று மாமா என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். "ஏனுங்க்கா, அந்த மனுசன் திருப்பூருக்குப் போயி ரெண்டு மாசமாச்சு, வெனையக் கெளப்பாதீங்க," என்றாள்.

வீட்டுக்குப் போனால் தலைவலி சரியாகிவிடுகிறதாம். அறைக்கு வந்ததும் ஆரம்பிக்கிறதாம். நாற்றம் போக நாளைக்கு ஊதுபத்தி வாங்கிவருவதாகச் சொன்னாள். பங்க்கில் நெருப்பு கூடாது என்று சொல்லி நிறுத்தினேன். "அப்ப ஓமம்?" என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஓமத்துக்கு ஐயர் வந்து இடம் பார்த்தார். வெளியே நெருப்பு மூட்டக் கூடாது என்பதில் மாமா கண்டிப்பாக இருந்தார். பம்ப் இருக்கிறது, டேங்க் இருக்கிறது, ஒரு பொறி விழுந்தால் என்ன ஆவது? ஆகவே பத்திரமாக அறைக்குள். அக்னி மூலையிலேயே. கரண்ட் பெட்டிக்குக் கீழே, ஒயர்கள் வந்து சேரும் பள்ளத்தின் மூடி இருக்கிறதே, அதை ஒட்டிச் செங்கல் அடுக்கி வைத்தாயிற்று.

எனக்கு ஏனோ சரியாகப் படவில்லை. பம்ப் அடிப்பதையும் யாராவது சரியானவர்களிடம் கேட்க வேண்டும். இன்ஜினியர் பெண்ணின் கார்டு மாமாவின் சட்டைப் பையில் கிடைத்தது. ஊதா.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பங்க்கிலிருந்தே ரஹீமாவுக்குப் போன் செய்தேன். மாமா பத்திரிகை வைக்க வெள்ளகோவில் போயிருந்தார். பேசியதை நினைவிலிருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

பம்ப்பைத் தொட்டால் அடிக்கிறது என்றேன்.

"மண்ணுக்குள்ள பிளாஸ்டிக்தானே மேடம்? அதுல கரண்ட் போகாது. மேல இருக்கற இரும்புத் துண்டு ரெண்டு பக்கமும் தனியா நிக்கும். சேர்ற எடத்துல காப்பர் ஒயர் போட்டு எர்த்தோட இணைச்சிருக்கணும். இணைக்கலைன்னு நெனைக்கிறேன். யாரும் தொட வேணாம். நான் எழுதி அனுப்பறேன்." பிறகு கேட்டாள்: "சீல் மட்டும் கரெக்டா முடிச்சிட்டீங்கல்ல?"

"முடிச்சாச்சுங்க."

"எந்த காம்பவுண்டு?"

"நாலு பக்கமும் காம்பவுண்டுங்க. முன்பக்கம் மட்டும் ரோடு."



"மேடம், நான் பைப் சீல் பத்திக் கேக்கறேன். காம்பவுண்டு எத்தனை பைப்புல ஊத்தினீங்க?"

காம்பவுண்டுச் சுவரை இதுவரை யாரும் ஊற்றி நான் கேள்விப்பட்டதில்லை. அந்த 'ஊத்தினீங்க'வில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"பைப்புக்குள்ள ஊத்தறதாங்க?" என்றேன்.

"உள்ளதான் மேடம். சிமெண்டு மாதிரி ஒரு பவுடர். தண்ணில கலக்கி பைப்புக்குள்ள ஊத்தி, ஒயரைச் சுத்தி இறுகிப்போற மாதிரி அடைக்கணும். இல்லைன்னா பம்ப்புக்கு அடியில தங்கற பெட்ரோல் ஆவி பைப்பு வழியாவே நடந்து கரண்ட் பெட்டி ரூமுக்கு வந்துரும். அது காத்தவிட கனம். பள்ளத்துல உக்காந்துக்கும். நீங்க என்ன பண்ணீங்க?"

"என் சீல் வெச்சோம்," என்றேன். "ரப்பர் ஸ்டாம்பு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மேடம், அந்த ரூம்ல இப்ப யாராவது இருக்காங்களா?"

"காஞ்சனமாலா இருக்கா."

"வெளிய வரச் சொல்லுங்க. எந்த ஸ்விட்சையும் தொட வேணாம். ஃபேன் ஓடுனா ஓடட்டும், லைட் எரிஞ்சா எரியட்டும். நீங்க போனை உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. வெளிய கம்பத்துல லைன்மேனை விட்டு கரண்டைக் கட் பண்ணுங்க."

போனைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனேன்.

காஞ்சனமாலா பில் மிஷினை நிறுத்தப் போனாள். "பாதில நிக்குதுங்க்கா, ஆப் பண்ணிட்டு வந்தர்றேன்." அவள் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு ஓடினேன் என்று அவள் சொல்கிறாள். பிடித்தது வரைதான் எனக்கு நினைவிருக்கிறது. அவளுடைய ஒரு கண்ணாடி வளையல் உடைந்திருந்தது.

லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தினான். யார் சொல்லி நிறுத்துவது என்று கேட்டான். "ஓனர்," என்றேன். அவன் சுற்றிலும் தேடினான்.

லிங்குசாமியைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரியுமுங்க்கா. அத ஊத்திப்புட்டா பொறவு ஒரு ஒயரக்கூட உருவ முடியாது. கடசியாப் பாத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அண்ணன் ரப்பர் ஸ்டாம்ப எடுத்துக்கிட்டு வந்து மண்டி போட்டுட்டாரு. அவ்வளவு பயபக்தியா செய்யறவருகிட்ட நான் என்னத்தங்க்கா சொல்றது?"

ஆகஸ்ட் 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டை வெந்துகொண்டிருக்கும்போது சண்டை நடந்தது.

"ஊரெல்லாம் பத்திரிக வெச்சாச்சு அம்மிணி. மாவட்டம் வர்றாரு. ஆபீஸ்ல ஒப்புதலே குடுத்துட்டான். போன் போட்டுக் கேட்டேன். சீல் செஞ்சாச்சுன்னு ரெக்கார்டுல இருக்குது, நீங்க தொறங்கன்னுட்டான்."

"ரெக்கார்டுல இருக்கறது பைப்புல இல்லீங் மாமா."

"நாளைக்குக் கரண்டக் குடுத்துடலாம். ஓமம் முடியட்டும், திங்கக்கெழம ஆளு வெச்சு ஊத்திக்கலாம்."

"அந்தச் செங்கல்லுல நெருப்பு வெச்சா திங்கக்கெழமை வராதுங்க."

அவர் கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துவிட்டார். சாப்பாட்டை அவர் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"எங்கண்ணனுக தேங்கா மண்டி வெச்சானுக, ஓடுது. நான் கோழிப்பண்ண வெச்சேன், சீக்கு வந்துது. நூல் மில்லு வெச்சேன், மூடுனேன். இதுவும் தொறக்கற அன்னிக்கே நின்னுதுன்னா, சென்னியப்பன் தொட்டது வௌங்காதுன்னுதான் ஊரு பேசும். பொண்டாட்டி சொன்னா, நிறுத்திப்போட்டேன்னு நான் யாருகிட்டச் சொல்றது?"

கோழிப்பண்ணை மூடிய வருஷம் இவர் இரவெல்லாம் ரேடியோ கேட்டபடி உட்கார்ந்திருப்பார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்டாட்டின்னு சொல்லாதீங்க," என்றேன். "ஓனரு வேண்டான்னுட்டாங்கன்னு சொல்லுங்க."

"ஓனரா?"

"போர்டுல எழுதியிருக்குதே. பழி எம்மேல வரட்டும். அதுக்குத்தானே என் பேரு."

அவர் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். கொழுக்கட்டை எடுத்தார். பூரணம் சிந்தியது.

இன்ஜினியர் மறுபடி வர வேண்டுமானால் டீலர் எழுதிக் கேட்க வேண்டுமாம். எழுதிக் கேட்டேன். கையெழுத்து மட்டும் போட்டேன், சீல் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரஹீமா வந்தாள். மஞ்சள் தொப்பி, கையில் ஒரு சின்ன கருவி. காற்றில் பெட்ரோல் ஆவி இருந்தால் அது கத்துமாம். பைப்பின்மேல் என் பெயரைப் பார்த்தாள். டேப்பை விரலால் தடவினாள். "நீட்டா வெச்சிருக்காரு," என்று மட்டும் சொன்னாள். நல்ல பெண்.

கருவி வெளியே சும்மா இருந்தது. அறை வாசலில் சும்மா இருந்தது. மேசை உயரத்தில் முனகியது. ஒயர் பள்ளத்து மூடியைச் சற்று நகர்த்தி, செங்கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து பிடித்தாள். அது கத்திய கத்தலில் ரோட்டோரம் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"மிஷின் ரிப்பேருங்களா?" என்றார் லிங்குசாமி.

வெளியே கொண்டுவந்தாள். சத்தம் நின்றது. உள்ளே கொண்டுபோனாள். கத்தியது. மூன்று தடவை செய்தாள். மூன்றாவது தடவை மாமா, "போதுஞ் சாமி," என்றார்.

பம்ப்புக்கு அடியில் ஓர் இணைப்பில் வேர்வை போலக் கசிவு இருந்தது. அவ்வளவுதான் காரணம். அது அங்கேயே காற்றோடு போயிருக்கும். வழி திறந்திருந்ததால் இங்கே வந்தது.

"நாளைக்கு இங்க ஓமமா சார்?" என்று ரஹீமா கேட்டாள். "எத்தனை பேரு உள்ள இருப்பாங்க?"

மாமா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐயர், நான், அவர், அவருடைய அண்ணன்மார், அண்ணியர், மாவட்டம், காஞ்சனமாலாவும் அவள் குழந்தையும். பாதியில் கை நின்றுவிட்டது.

பிறகு உள்ளே போனார். செங்கற்களை இரண்டிரண்டாக எடுத்து வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்தார். லிங்குசாமி உதவிக்குப் போனபோது, "நீ தொடாதே," என்றார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் இடுப்புக்குத் தைலம் கேட்டார். தேய்த்துவிட்டேன். முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. இடுப்புவலியில் அப்படி நடுங்குமா தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

திறக்காத திறப்பு விழா இனிதே நடந்தது.

பத்திரிகை வைத்தவர்களுக்கெல்லாம் போன் செய்ய முடியவில்லை. டிபனும் சொல்லியாயிற்று. எதிரிலுள்ள கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டோம். பங்க்கின் வாசலில் கயிறு கட்டி மாமா நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்.

"இன்னிக்குத் தொறக்கறதில்லீங். ஓனரு வேண்டான்னுட்டாங்க. உள்ள வேல பாக்கி. மொதல்ல சாப்புடுங்."

"ஓனரு நீதானப்பா?" என்றார் பெரிய மச்சாண்டார், மாமாவின் மூத்த அண்ணன்.

"நானில்லீங்ணா. அதா நிக்கறாங்க."

மச்சாண்டார் என்னைப் பார்த்தார். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். கம்பீரமாக இருந்திருக்காது.

மாவட்டச் செயலாளர் ஆட்களோடு வந்து இறங்கினார். விஷயம் சொல்லப்பட்டது. அவருக்கு வருத்தமில்லை, ஆனால் போட்டோக்காரரையும் கூட்டிவந்திருந்தார்.

"எதையாச்சும் தொறக்கோணுமே," என்றார். "ரிப்பனெல்லாம் கட்டியிருக்கீங்களே."

உள்ளே ரஹீமா சொன்னபடி ஆட்கள் பம்ப்பின் அடிக் காங்கிரீட்டைக் கையுளியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஓர் எர்த் குழி, ஆவி எட்டாத தூரத்தில், பின்பக்கச் சுவரை ஒட்டித் தோண்டி முடித்திருந்தார்கள். கரியும் உப்பும் போட்டாயிற்று, தண்ணீர் ஊற்றுவதுதான் பாக்கி. மாமா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். நான் அனுமதி கொடுத்து நடந்த முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மாவட்டச் செயலாளர் ரிப்பன் வெட்டி எர்த் குழியைத் திறந்துவைத்து, ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். கைதட்டினார்கள். "மண்ணோடு தொடர்பை இழக்காமல் இருப்பதே நம் இயக்கத்தின் பலம்" என்று பேசினார். அன்று அங்கு பேசப்பட்டதிலேயே பாதுகாப்பு விதிகளுக்குப் பொருத்தமான வாக்கியம் அதுதான்.

ரஹீமா நான்கு இட்லி சாப்பிட்டாள். "இந்த மாதிரி எர்த் பிட்டுக்குக் கூட்டம் நான் பார்த்ததே இல்லை மேடம்," என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காங்கிரீட்டை உடைத்தார்கள். பிளாஸ்டிக் பைப்பும் இரும்புப் பைப்பும் சேரும் இடத்தை முதல்முறையாகப் பார்த்தேன். சணல் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, லிங்குசாமி அதைப் பூமிக்கு ஒப்படைத்திருந்தார். காப்பர் ஒயர் இழுத்து இணைத்தார்கள். கசிந்த இணைப்பையும் மாற்றினார்கள். லிங்குசாமி மறுபடி வேலை செய்கிறார், ரஹீமா பக்கத்தில் நிற்கும்போது மட்டும். வானத்தைப் பார்க்க அவருக்கு இப்போது நேரமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பைப்புகளை வெட்டி, ஒயரை உருவி, நடுவில் குடம்போல் பருத்த ஓர் இரும்புத் துண்டை மாட்டினார்கள். சீல் என்பது அதுதானாம். அதற்குள் ஒயர்களைப் பிரித்துவைத்து, கீழே பஞ்சு மாதிரி ஒன்றைத் திணித்து, மேலே காம்பவுண்டு ஊற்ற வேண்டும்.

காம்பவுண்டைக் கலக்குவேன் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். இட்லிமாவுப் பதமா, தோசைமாவுப் பதமா என்று ரஹீமாவைக் கேட்டார். அவள் என்னைக் கேட்டாள். நான் பார்த்துச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில். மண்டிபோட்டு, சின்ன புனல் வைத்து, ஒவ்வொன்றிலும் ஊற்றி, திருகுமூடியை முடுக்கி, அது உள்ளே இறங்கும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

இறுகுகிறது. காத்திருக்க வேண்டும். மண்டப டிபன் பாத்திரத்தில் இரண்டு கரண்டி குறைகிறதாம். பெரிய மச்சாண்டார் வீட்டில் கேட்க வேண்டும். யார் கேட்பது?

செப்டம்பர் 11, வியாழன்

ரஹீமாவின் கருவி அறைக்குள் எல்லா மூலைகளிலும் சும்மா இருந்தது. பள்ளத்துக்குள் இறக்கிப் பார்த்தாள். சும்மா இருந்தது. மீட்டர் வைத்து எர்த் பார்த்தாள். சரி என்றாள். கரண்ட் வந்தது. திங்கட்கிழமை விற்பனை தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தாராபுரம் பஸ் ஏறிப் போனாள்.

காஞ்சனமாலாவை வரச் சொல்லியிருந்தோம். வாசல்வரை வந்தாள். உள்ளே வர மாட்டேன் என்றாள்.

"அந்த மிஷினு சொல்லுச்சுன்னு நான் போயி உக்கோரோணுமாக்கா? போன தடவ ஆபீசுல பேப்பரே சொல்லுச்சே."

நியாயமான கேள்வி. "நான் உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபேனைப் போட்டேன். ஸ்விட்சில் விரல் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டதாக ஞாபகம். ஃபேன் ஓடியது. பெயின்ட் வாசனை மட்டும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாமா இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீங்க எதுக்குங்க? வெளிய இருங்க."

"பேப்பர் படிக்கோணும். வெளிய வெயிலு."

வெளியே மேகம் மூடியிருந்தது. அவர் என் பக்கத்தில், கரண்ட் பெட்டிக்கும் எனக்கும் நடுவில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்தார். மத்தியானம் வரைக்கும் அதே பக்கம்தான். தங்கம் விலையும் ஒரு புடவைக்கடை விளம்பரமும் இருந்த பக்கம். நானும் அதைப் படித்து முடித்துவிட்டேன்.

கோழிப்பண்ணை மூடிய வருஷத்தைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தேன். அவரே, "நீ அப்ப தூங்கலீல்ல?" என்றார். எதைக் கேட்கிறார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. "இல்லீங்," என்றேன்.

காஞ்சனமாலா கதவுக்கு வெளியே நின்று தலையை மட்டும் நீட்டினாள்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் உசுரோடதான் இருக்கீங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இருக்கறோம்," என்றோம்.

அவள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியை விட்டுக்கொடுக்க எழுந்தேன். "உக்கோருங்க்கா, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுத் தட்டியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.